போடிங்கில் இரவுச் செய்தி எழுதிய கரும்பலகை: நினைவிருப்பவர்கள் வாருங்கள்

முறிகண்டியான் எழுதியது:

வணக்கம் உறவுகளே.

நான் 1997 தொடக்கம் 2000 வரை இலங்கையின் வடக்கே, வன்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையின் ஆண்கள் விடுதியில் இருந்தவன். பாடசாலையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை.

சென்ற கிழமை என் மகள் கைபேசியில் விரலால் எதையோ மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். "அப்பா, செய்தி பார்த்தால் தலையிடி வருகிறது" என்றாள். எனக்குச் செய்தி என்றால் வலிப்பது கெண்டைக்கால். அவளுக்கு அதை விளங்கப்படுத்த முயன்று தோற்றுப்போய்த்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அந்த நாட்களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கத்தின் தடை. மெழுகுதிரி, சவர்க்காரம், பெற்றோல், சீமெந்து என்று நீளும் பட்டியலில் விரலளவு பற்றரியும் இருந்தது. ஆகவே எங்கள் விடுதியில் செய்தி கேட்பதென்றால், லுமாலா சைக்கிள் ஒன்றை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, ஒருவன் ஏறி மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் வானொலி பேசும். மிதிப்பவன் களைத்தால் அறிவிப்பாளரும் களைப்பார்.

சாப்பாட்டு மண்டபத்தின் சுவரில் ஒரு கரும்பலகை. இரவுச் செய்திகளை நான்தான் அதில் எழுதுவேன். கையெழுத்து நல்லது என்பதற்காக அல்ல, எனக்குச் சுருக்கி எழுத வரும் என்பதற்காக. வெண்கட்டி அவ்வளவு தட்டுப்பாடு. பலகையை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தோம்: இயக்கத்தின் வானொலியான புலிகளின் குரல், அரசாங்கத்தின் இலங்கை வானொலி, பிபிசி தமிழோசை. ஒரே சண்டை, மூன்று நிரல், மூன்று எண்ணிக்கை. 1998 ஜூனில் அரசாங்கம் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை போட்ட பிறகு நடு நிரலில் பல நாள் ஒன்றும் இராது. ஒன்றும் இல்லையென்றாலும் அதற்கு மேலே "இலங்கை வானொலி" என்று தலைப்புப் போடுவேன். விடுதிக்குப் பொறுப்பான போடிங் மாஸ்டரின் கட்டளை அது: "சொல்லாமல் விட்டதும் செய்திதான், இடத்தை விடு."

அந்தப் பலகையைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

யப்பான்மீன் எழுதியது:

இருக்கிறேன் ஐயா, இருக்கிறேன்! 1996 முதல் 1999 வரை. என் பெயரைப் பார்த்தாலே விளங்கியிருக்கும். குளத்தில் யப்பான் மீன் பிடித்து, விடுதிப் பின்வேலியில் வைத்துச் சுட்டு, பிடிபட்டு, தண்டனையாக ஒரு கிழமை முழுக்கத் தமிழோசைக்கு மிதித்தவன் நான். உலக அரசியலில் எனக்கு இருக்கும் அறிவெல்லாம் அந்த ஒரு கிழமையில் வந்தது.

மூன்று நிரல் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உயர்தரக் கணிதப் பிரிவில் ஓர் அண்ணன் இருந்தார். ஒவ்வொரு நாளும் பலகைக்கு முன்னால் நின்று மூன்று எண்ணிக்கையையும் கூட்டி மூன்றால் பிரித்து, கீழே மூலையில் சராசரி எழுதிவிட்டுப் போவார். மாஸ்டர் கண்டும் காணாததுபோல இருந்தார். பின்னர் ஒரு நாள், "தம்பி, பொய்யின் சராசரி உண்மை ஆகாது" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அன்றோடு விட்டுவிட்டார்.

இன்னொன்று. 1998 ஓகஸ்ட் கடைசி. இலண்டன் ஓவல் மைதானம், முரளிதரன் ஒரே போட்டியில் 16 விக்கெட். கடைசி நாள் ஆங்கில ஒலிபரப்பைத் திருட்டுத்தனமாகப் பிடித்து, ஐந்து பேர் முறை வைத்து மிதித்தோம். ஒன்பதாவது விக்கெட் அவர் கைக்கு வந்தபோது கத்திவிட்டோம். கத்திய பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வென்றது இலங்கை அணி, கத்தியது நாங்கள், அன்று பின்னேரம் வரைக்கும் பங்கருக்குள் இருந்ததும் நாங்கள்தான். சின்னவன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, இதற்குச் சந்தோசப்படலாமா?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் பலகையில் அது இருந்தது. எந்த நிரலிலும் இல்லாமல், மேலே, குறுக்காக. முறிகண்டியான், அது நீங்கள்தானே?

முறிகண்டியான் எழுதியது:

நான்தான். அதற்கு ஒரு முழு வெண்கட்டி போனது.

சிலிப்பர்க்கட்டை எழுதியது:

தம்பிமாருக்கு வணக்கம். உங்களுக்கு நான் நான்கைந்து வருடம் மூப்பு. அந்தச் சைக்கிள் பொறியைச் செய்தவர்களில் ஒருவன் என்பதால் இரண்டு விடயம் திருத்த வேண்டும்.

முதலாவது, டைனமோவை நேரே வானொலிக்குக் கொடுக்க முடியாது. அதில் வருவது ஆடலோட்டம், ஆறு வோல்ட். அப்படியே கொடுத்தால் வண்டு கூட்டைக் கலைத்ததுபோல இரையும், ஒரு சொல்லும் விளங்காது. பழுதான வானொலி ஒன்றிலிருந்து நாலு டயோட்டுகளைக் கழற்றி நேரோட்டமாக்கி, ஒரு கொள்ளளவியையும் இடையில் போட்ட பிறகுதான் குரல் குரலாக வந்தது. மிகைவேகமாக மிதித்தால் வானொலி எரியும். இரண்டு வானொலிகளை அப்படி எரித்த பிறகுதான் சீராக மிதிக்கப் பழகினோம். புதுப் பெடியனுக்கு நான் சொல்லிக் கொடுப்பது: "தேவாரம் பாடுகிற வேகத்தில் மிதி."

இரண்டாவது, நேரம். 1996இல் கொழும்பு தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. பிறகு கொஞ்சம் பின்னே இழுத்தது. கடைசியில் அரை மணித்தியாலம் முன்னே நிலைத்து நின்றது. வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. தமிழோசை பழைய நேரப்படி 9.15. பரீட்சைத் திணைக்களமோ புதிய நேரம். 8.30 சோதனை என்று அட்டையில் இருக்கும், எங்கள் கையில் அது 8.00. இதை மறந்து அரை மணித்தியாலம் பிந்தி வந்து, முகம் வெளிறி நின்ற பெடியன் ஒருவனை உள்ளே விடுவதற்கு மாஸ்டர் மேற்பார்வையாளரிடம் கெஞ்சியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் "+30" என்று எழுதித் தொங்கவிட்டோம்.

எனக்கு ஏன் இந்தப் பெயர் என்றும் சொல்லிவிடுகிறேன். யாழ்தேவி ஓடாத தண்டவாளத்திலிருந்து சிலிப்பர்க் கட்டைகள் வந்தன. அவற்றைப் பங்கரின் மேல் அடுக்கி, மேலே மண் போட்டோம். விடுதியில் எண்பது பேருக்கு ஆறு பங்கர். கட்டை தூக்கித் தூக்கி என் வலது தோள் இன்றும் இடது தோளை விடக் கீழே. தண்டவாளத் துண்டு ஒன்று பாடசாலை மணியானது. கொழும்புக்குப் போகாத ரயிலில் நாங்கள் வேறு விதமாகப் பயணம் செய்தோம்.

வடமராட்சியான் எழுதியது:

நாங்களும் 1995 வரைக்கும் யாழ்ப்பாணத்தில் இதே டைனமோதான், ஜாம் போத்தல் விளக்குத்தான். எனக்கு ஒரு சந்தேகம். வானொலி நாட்டுச் செய்தி சொல்லும். வீட்டுச் செய்தி உங்களுக்கு எப்படி வந்தது? தொலைபேசி இல்லை, கடிதம் ஒழுங்காக வராது. பிள்ளைகளை விடுதியில் விட்டவர்கள் எப்படித்தான் இருந்தார்கள்?

ஆச்சியின்பேத்தி எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். என் அம்மம்மா அந்த விடுதியில் சமைத்தவர். 1995 கடைசியில் வலிகாமத்திலிருந்து எல்லோரோடும் வெளிக்கிட்டு, கிளாலியில் வள்ளமேறி வந்த சனங்களில் நாங்களும் அடக்கம். சமையற்கட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு கொட்டில் தந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. எண்பது அண்ணன்மாருக்கு நடுவில் ஒரே பெண்பிள்ளை, அதுவும் அடுப்படி வாசலுக்கு அப்பால் போகக்கூடாது என்ற கட்டளையோடு.

வீட்டுச் செய்தி ஆச்சியிடம்தான் முதலில் வரும். விறகு கொண்டுவரும் மாட்டு வண்டிக்காரர், நிவாரண அரிசி ஏற்றிவரும் ட்ரக்டர்காரர், மீன்காரர், மல்லாவியிலிருந்து சைக்கிளில் தேங்காய் கட்டிவருபவர் — எல்லோரும் ஆச்சியிடம் ஒரு கோப்பை வெறுந்தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். தேநீருக்குச் சீனி இல்லை, உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. "உங்கள் விடுதியில் முழங்காவில் பெடியன் ஒருவன் இருக்கிறான் அல்லவா, தாய்க்குச் சுகமில்லை என்று சொல்லிவிடுங்கள்." "ஒட்டுசுட்டான் பக்கம் சனம் வெளிக்கிட்டுவிட்டது, உங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள்." இப்படி. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. எந்தப் பிள்ளைக்கு எந்தச் செய்தி என்பதைக் குழப்பாமல் வைத்திருந்தார். வவுனியாவுக்கு அப்பாலிருந்து வரும் கடிதங்களும் உயிலங்குளம் வழியாக வருகிறவர்களின் பைக்குள்தான் வரும். சில மாதக்கணக்கில் பிந்தும்.

நீங்கள் எல்லோரும் வானொலியைப் பற்றி எழுதுகிறீர்கள். ஆச்சி விடிய மூன்றரைக்கு எழும்பியதை ஒருவரும் எழுதவில்லை. வெளிச்சம் வந்த பிறகு புகை எழும்பினால் மேலே சுற்றுகிறவனுக்குத் தெரியும் என்று, விடிவதற்குள் புட்டு அவித்து முடிப்பார். கிபிர் போர்விமானத்தின் இரைச்சல் கேட்டால் முதலில் அடுப்பில் தண்ணீர், பிறகுதான் பங்கர். அந்த ஈர விறகை மறுபடி மூட்டுவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிடும். சவர்க்காரம் இல்லாமல் பனங்காய்ச் சாற்றில் எண்பது பேரின் படுக்கை விரிப்பைத் தோய்த்தது, மலேரியாக் காய்ச்சலில் ஒரே நேரத்தில் இருபது பேர் கிடந்தபோது கஞ்சி வடித்தது... சரி, நிறுத்துகிறேன். எழுதத் தொடங்கினால் கோபம் வருகிறது.

யப்பான்மீன் எழுதியது:

தங்கச்சி, மன்னித்துக்கொள். நான் சுட்ட மீனுக்கு உப்பு எடுத்தது ஆச்சியின் பானையிலிருந்துதான். அவர் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கைவேலிக்காரன் எழுதியது:

மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, இப்போது எழுதுகிறேன்.

எல்லோரும் அந்தப் பலகையைப் பற்றி இனிமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அந்தப் பலகை பொய் சொன்னது. சரியாகச் சொன்னால், வாயை மூடிக்கொண்டது.

1999 செப்டெம்பர் 15. புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் மந்துவில்லில் கிபிர் குண்டு போட்டது. காலைநேரம், சனம் கூடியிருந்த இடம். என் வீடு கைவேலி. அம்மா சந்தையில் மரக்கறி விற்பவர். அன்று இரவு எனக்குக் காய்ச்சல், படுக்கையில் கிடந்தேன். செய்தி கேட்கப் போகவில்லை. அடுத்த நாள் காலை சாப்பிடப் போனபோது பலகையில் முதல் நிரலின் நடுவில் ஒரு வரி அழிக்கப்பட்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்த தடம், பளபளவென்று கறுப்பாக. மற்ற நிரல்களிலும் அதே உயரத்தில் அதே தடம். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் அன்று எல்லோரும் எனக்கு நல்லவர்களாகிவிட்டார்கள். ஒருவன் தன் சம்பலை என் கோப்பையில் போட்டான். வேறொருவன் என் தண்ணீர் வாளியைத் தூக்கினான். என்னோடு ஒரு மாதமாகக் கதைக்காமல் இருந்தவன் வந்து சாரம் ஒன்று தந்தான். காய்ச்சல்காரன் என்றபடியால் என்று நினைத்து, மனதுக்குள் மகிழ்ந்தும் போனேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தாங்க முடியாமல் இருக்கிறது. இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன் ஐயா. விடுதி முழுக்கத் தெரியும், எனக்கும் அந்தப் பக்கத்துச் சின்னவன் ஒருவனுக்கும் மட்டும் தெரியாது.

மூன்றாம் நாள் மாஸ்டர் கூப்பிட்டார். "உன் அம்மா சுகமாக இருக்கிறார். முந்தாநாள் அவர் சந்தைக்குப் போகவில்லை" என்றார். அந்த "முந்தாநாள்" எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் மற்றதையெல்லாம் சொன்னார். ஆள் அனுப்பி விசாரித்து, உறுதிப்படுத்திக்கொண்டு சொன்னாராம்.

அம்மா உயிரோடு இருந்தார். அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டுமா? இறந்திருந்தால், நான் சம்பலை நக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவரைக் கொண்டுபோய் எரித்திருப்பார்கள்.

வவுனிக்குளத்தான் எழுதியது:

நான் உங்கள் விடுதியில் இருந்தவன் அல்லன். ஆனால் இப்போது ஓர் ஆசிரியன். தம்பி கைவேலிக்காரன் கோபிக்கக் கூடாது.

அன்றிரவு அவர் உங்களுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? காய்ச்சலோடு வெளிக்கிட்டிருப்பீர்கள். அங்கிருந்து புதுக்குடியிருப்பு பக்கத்திலா இருக்கிறது? பஸ் இல்லை, வழியெங்கும் காடு, மேலே கிபிர். எண்பது பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தவர் வேறு எப்படி யோசிப்பார்? அரைகுறைத் தகவலை ஒரு பிள்ளையின் தலையில் போடுவது பாவம். அதுவும் அன்று வானொலிகள் சொன்னதைப் பாருங்கள். ஒரு பக்கம் பொதுமக்கள் என்றார்கள், கொழும்பு புலிகளின் முகாம் என்றது. செஞ்சிலுவைக் குழு பொதுமக்கள் இறந்ததை உறுதிப்படுத்தியதெல்லாம் அதன் பிறகு.

கைவேலிக்காரன் எழுதியது:

முகாம் என்றாலும் சந்தை என்றாலும் இடம் ஒன்றுதானே, ஆசிரியரே. இடத்தின் பெயரைச் சொல்வதற்கு எந்த உறுதிப்படுத்தல் வேண்டும்?

வெறுமையாகக் கிடந்த இலங்கை வானொலி நிரலுக்கே தலைப்புப் போட்டு இடம் விட்ட மனிதர் அவர். "சொல்லாமல் விட்டதும் செய்திதான்" என்றாராம். எனக்குச் சொல்லாமல் விட்டதை எந்த நிரலில் போடுவது?

கடைசிவகுப்பு எழுதியது:

அண்ணாமார் இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் 2006 முதல் 2008 வரை அதே விடுதி. நீங்கள் விட்டுப்போன சைக்கிள் பொறியை நாங்கள் காணவில்லை. 2002 சமாதானத்தோடு எல்லாம் வந்துவிட்டது. பற்றரி, மின்பிறப்பாக்கி, தொலைக்காட்சிகூட. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மறுபடி மூடிய பிறகும் செய்திக்கு மட்டும் பஞ்சம் வரவில்லை.

எங்களுக்குப் பயம் வானத்திலிருந்து மட்டும் வரவில்லை. மேலே வண்டு, அதுதான் ஆளில்லா வேவு விமானம், இரைந்துகொண்டே இருக்கும், அது வேறு. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு என்று ஆன பிறகு படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மேல்வகுப்பு அண்ணன்மார் பின்வேலியால் காட்டுக்குள் போய்விடுவார்கள். விடுதி பாதுகாப்பு என்று நம்பிப் பிள்ளையை விட்ட பெற்றோரும் இருந்தார்கள்; விடுதியில் விட்டால்தான் தெரிந்துவிடும் என்று கூட்டிப்போனவர்களும் இருந்தார்கள். காலையில் வரவுப் பதிவு எடுக்கும்போது ஒரு பெயருக்குப் பதில் வராது. ஆசிரியர் மறுபடி கூப்பிடமாட்டார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்தச் செய்தி எந்த வானொலியிலும் வந்ததில்லை.

முறிகண்டியான் அண்ணா, உங்கள் காலத்திலும் கட்டில்கள் வெறுமையாகியிருக்குமே. அதைப் பலகையில் எழுதினீர்களா?

வன்னிவேங்கை எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். பழைய நினைவு என்று தொடங்கி கடைசியில் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துவதில் முடிப்பீர்கள். விரும்பிப் போனவர்களின் தியாகத்தை

[மிகுதி நீக்கப்பட்டது: நெறியாளர்]

நெறியாளர்:

உறவுகளே, இழை விடுதி வாழ்க்கையைப் பற்றியது. கடைசிவகுப்பு தான் கண்டதை எழுதியிருக்கிறார், அது இருக்கும். விரும்பிப் போனவர்களைக் கண்டவர்கள் அதையும் எழுதலாம். ஆளை ஆள் திட்டுவது மட்டும் வேண்டாம்.

முறிகண்டியான் எழுதியது:

தம்பி கடைசிவகுப்பு, எழுதவில்லை. எங்கள் காலத்தில் போனவர்கள் தாங்களாகவே போனார்கள், அநேகமாக இரவில். தலையணைக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி இருக்கும், சிலவேளை அதுவும் இராது. என் பக்கத்துக் கட்டில்காரன் போனபோது தன் கணிதக் கொப்பியை என் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனான். பாதிக் கொப்பி வெறுமையாக இருந்தது. அந்த நாளில் வெறும் கொப்பி என்றால் பெரிய சொத்து. நான் அதில் எழுதினேன். எழுதியபோது ஒன்றும் தோன்றவில்லை, சொன்னால் நம்புவீர்களா?

சிலிப்பர்க்கட்டை எழுதியது:

நான் இதைச் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். தம்பி கைவேலிக்காரன் கேட்ட கேள்விக்காகச் சொல்கிறேன்.

1998 செப்டெம்பர் கடைசியில் கிளிநொச்சிச் சண்டை. மூன்று இரவு நிலம் அதிர்ந்தது. பங்கரின் சுவரிலிருந்து மண் உதிர்ந்து சட்டைக்குள் விழும். நான் அப்போது உயர்தரம் எழுதி முடித்துவிட்டு விடுதியில் உதவியாளனாக நின்றேன். சண்டை முடிந்த பிறகு பல நாட்களுக்குப் புலிகளின் குரலில் இறந்த போராளிகளின் பெயர்கள் வாசித்தார்கள். இயக்கப் பெயர், இயற்பெயர், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த வாசிப்பில் குரல் ஏறாது, இறங்காது.

அன்று மிதித்தது பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன். நல்ல மிதிகாரன், நான் சொன்ன தேவார வேகம் அவனுக்குத்தான் சரியாக வரும். ஒரு பெயர் தொடங்கியது. இயக்கப் பெயர் எங்களுக்குப் பழக்கமில்லாதது. இயற்பெயர் வந்தது. நிரந்தர முகவரி என்று சொல்ல வந்த இடத்தில் வானொலி இழுபட்டு, தேய்ந்து, நின்றது.

பெடியங்கள் கத்தினார்கள். "டேய், மிதியடா!" என்று ஒருவன் அவன் முதுகில் தட்டினான். அவன் இறங்கவும் இல்லை, மிதிக்கவும் இல்லை. இரண்டு கையாலும் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பின்சில்லு மட்டும் தானாகக் கொஞ்சம் சுற்றி நின்றது.

அவனுடைய அண்ணன்.

மாஸ்டர் அப்போது வாசலில் நின்றிருந்தார். அவனைச் சைக்கிளிலிருந்து இறக்குவதற்கு எனக்கும் அவருக்கும் கன நேரம் சென்றது. கை பிடியை விடவில்லை. அடுத்த நாள் முதல் மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்தார். பெயர் வாசிக்கும் நேரத்தில் நான்தான் மிதிக்க வேண்டும், பெடியங்கள் வெளியே நிற்க வேண்டும். பலகைக்குப் போகும் ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் முதலில் விடுதிப் பதிவேட்டில் பார்ப்பார். அந்த ஊர்ப் பிள்ளை இருந்தால் அழிப்பார். அதற்கு முன்னர் அவர் ஒரு வரியையும் அழித்தவர் அல்லர்.

1999இல் உங்கள் வீட்டுக்கு விசாரிக்கப் போனது நான்தான் தம்பி. சைக்கிளில். போக ஒரு நாள், வர ஒரு நாள். அந்தச் சின்னவனின் வீட்டுக்கும் போனேன். உங்கள் அம்மா எனக்குப் பிட்டும் முருங்கையிலைச் சொதியும் தந்தார். நானும் ஒன்றை மறைத்துவிட்டுத்தான் வந்தேன், பெடியனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் அவர் ஓடிவந்துவிடுவார் என்று பயந்து காய்ச்சலைச் சொல்லவே இல்லை.

ஆச்சியின்பேத்தி எழுதியது:

அந்த இரண்டு நாளும் ஆச்சி கைவேலி அண்ணாவுக்குத் தனியாகக் கஞ்சி வடித்தார். "தாய் இருக்கிறாளோ இல்லையோ, பிள்ளை தின்னட்டும்" என்று சொல்லி அழுதது எனக்கு ஞாபகம். இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

கைவேலிக்காரன் எழுதியது:

இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

சிலிப்பர்க்கட்டை அண்ணா, நீங்கள் போனது எனக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. விடுதியிலிருந்து யாரோ வந்தார்கள் என்றுதான் சொன்னார். அவர் 2009 மாசியில், சுதந்திரபுரத்தில் போய்விட்டார். அப்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். யாரும் எனக்கு எதையும் மறைக்கவில்லை.

காரணம் விளங்குகிறது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்தச் சைக்கிள் தம்பி இப்போது எங்கே?

சிலிப்பர்க்கட்டை எழுதியது:

கனடாவில். லொறி ஓட்டுகிறான். வண்டியில் வானொலி போடுவதில்லை என்று ஒருமுறை சொன்னான். நான் ஏன் என்று கேட்கவில்லை.

கைவேலிக்காரன் எழுதியது:

முறிகண்டியான், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள்தானே எழுதினீர்கள். அன்றிரவு அழிப்பதற்கு முன்னால் முதல் நிரலில் என்ன எழுதியிருந்தீர்கள்? சொல்லுக்குச் சொல் வேண்டும்.

முறிகண்டியான் எழுதியது:

பலகையில் எழுதுவதைப் பிறகு அந்தக் கணிதக் கொப்பியில் பார்த்து எழுதி வைப்பேன். கொப்பி மாத்தளன் வரை என்னோடு வந்தது, அங்கே பையோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்த வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் வெண்கட்டி முடிந்துபோய் நகம் பலகையில் உரசியது.

"மந்துவில். சந்தையடி. கிபிர். விபரம் பின்னர்."